அரசுப் பணித் தேர்வும் கத்தோலிக்கக் குடும்பமும்

பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் இந்நாளில் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "மகன் என்ன செய்கிறான்?" என்று வினவினால், "குரூப் போருக்குப் படிக்கிறான், பாதர்" என்பார் தாய். "மகள்?" என்றால், "அவளும் அதற்குத்தான், பாதர். டிகிரி முடித்து மூன்று வருஷம் ஆகிறது" என்பார் தந்தை. அத்துடன் பேச்சு நின்றுவிடும். அந்த மௌனத்தில் நம்பிக்கை பாதி, கலக்கம் பாதி. பிள்ளை படிக்கிறான், ஆனால் மாணவன் அல்லன். வீட்டில் இருக்கிறான், ஆனால் சும்மா இருப்பவனும் அல்லன். அயலார் கேட்டால் என்ன சொல்வது என்பது பெற்றோருக்கே விளங்குவதில்லை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இத்தகைய இளைஞர் பலர். 2010ஆம் ஆண்டு கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே காலை முதல் மாலை வரை தலைநிமிராமல் அமர்ந்திருப்போருள் நம் பங்குகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இத்தேர்வைப் பற்றி ஒரு கத்தோலிக்கக் குடும்பம் எவ்வாறு எண்ண வேண்டும்? எந்த வழியில் உதவ வேண்டும்? எதை மறுக்க வேண்டும்? இவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

திறக்கப்பட்ட கதவு

தியாகராய நகரில் வாழும் நம் மக்களுள் பலர், தாம் நாள்தோறும் கேட்கும் பெயர்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரும், பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசரும் நீதிக்கட்சியின் தலைவர்கள். சர்க்கார் உத்தியோகம் ஒரு சிலர் கைக்குள் அடங்கிவிடலாகாது, எல்லா வகுப்பாருக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது அக்கட்சியின் பெருங்கோரிக்கைகளுள் ஒன்று. பனகல் அரசரின் அமைச்சரவைக் காலத்தில், 1921இல், வகுப்புவாரி அரசாணை பிறந்தது. பின்னர் டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியாரின் முயற்சியால் அது நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களில் 2 இடங்கள் ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் என்று அதில் வகுக்கப்பட்டிருந்தது.

அதே காலத்தில்தான், 1929இல், சென்னைப் பணியாளர் தேர்வாணையம் ஒரு சட்டத்தின் வழியே அமைக்கப்பட்டது. இந்திய மாகாணங்களுள் இவ்வகையில் முதலாவது அதுவே. 1937இல் அது சென்னை அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று. 1970இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. வேண்டியவருக்கு வேலை என்றிருந்த நிலை மாறி, தகுதியைச் சோதித்து வேலை தரும் முறை இவ்வாறு வேரூன்றியது. யாரையும் தெரியாத ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரு கறுப்பு மைப் பேனாவை மட்டும் நம்பித் தேர்வுக் கூடத்துக்குள் நுழையலாம் என்பது எளிதில் வந்த பேறு அன்று. அதற்காக ஒரு தலைமுறையே போராடியது. இதை மறந்தவர்கள்தாம் பின்வாசலைத் தேடுகிறார்கள்.

தேர்வும் கணக்கும்

மக்கள் குரூப் 4 என்று வழங்கும் தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், வரி வசூலிப்பவர் போன்ற பதவிகள் இதன்வழி நிரப்பப்படுகின்றன. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள்; மதிப்பெண் 300. அவற்றுள் 100 வினாக்கள் தமிழ்மொழிக்கு உரியவை. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவருடைய மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. எஞ்சியவை பொது அறிவும் கணக்கும். நேர்முகத் தேர்வு இல்லை. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு ஆகியவற்றோடு முடிந்துவிடும். பட்டதாரிகளுக்குரிய குரூப் 2 பதவிகளுக்கும் 2024 முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது. துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் முதலிய பதவிகளுக்கான குரூப் 1 தேர்வில் முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகள் உண்டு.

இனி, பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று. 2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தோர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தேர்வு எழுதியோர் ஏறத்தாழ 16 லட்சம் பேர். பின்னர் இடங்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. அப்படியும், விண்ணப்பித்தவர்களில் இருநூறு பேருக்கு ஓர் இடம் என்பதே ஏறக்குறைய நிலை. ஞாயிறு திருப்பலியில் நம் கோயிலின் ஒரு பக்கம் முழுவதும் நிறைந்திருக்கும் மக்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் அனைவரும் எழுதினால் ஒருவர் தேறுவார். மற்ற அனைவரும் அறிவிலிகளா? சோம்பேறிகளா? இல்லவே இல்லை. இடம் அவ்வளவுதான். இந்தக் கணக்கை அறியாத தந்தை, ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த மகனைப் பார்த்து, "உனக்குச் சோறு போட்டதே தண்டம்" என்கிறார். அந்தச் சொல் தோல்வியை விட ஆழமாகப் புண்படுத்தும்.

தரகரின் பேச்சு

கணக்கு கடினமானது என்று தெரிந்தவுடன், தரகர் வீட்டுக்கு வருகிறார். "இத்தனை லட்சம் கொடுங்கள், மேலே ஆள் இருக்கிறார்" என்கிறார். நகையை அடகு வைத்து, ஊரிலுள்ள நிலத்தை விற்றுப் பணம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. சட்டப்படி ஒரு தேர்வர் செலுத்த வேண்டியது எவ்வளவு? ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். அதிலும் பல பிரிவினருக்குச் சலுகை உண்டு. 250 ரூபாய்க்கு மேல் கேட்பவர் எவராயினும் அவர் விற்பது பொய்.

2019 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த குரூப் 4 தேர்வில் நிகழ்ந்ததை நாடறியும். இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியோர் பலர் முதல் நூறு இடங்களுக்குள் வந்ததால் ஐயம் எழுந்தது. சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையைக் கொண்டு விடை குறித்து, பிறகு வேறு கைகளால் சரியான விடைகள் நிரப்பப்பட்டன என்பது விசாரணையில் வெளிவந்தது. 99 தேர்வர்களுக்கு ஆணையம் 2020இல் வாழ்நாள் தடை விதித்தது; பலர் கைதாயினர். அதன்பின் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுள் ஒன்றைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் அறிவார்கள். விடை தெரியாத வினாவையும் வெறுமையாக விடலாகாது. ‘விடை தெரியவில்லை’ என்னும் ஐந்தாம் வட்டத்தைக் கருமையாக்க வேண்டும்.

இதில் நம் விசுவாசம் சொல்வது யாது? கையூட்டுக் கொடுத்து வாங்கும் இடம் அரசாங்கத்திடமிருந்து வாங்கியது அன்று. வேறொரு வீட்டில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பிள்ளையிடமிருந்து பறித்தது. ஆகவே அது ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவம். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைக்கும். ஆனால் பறித்ததை ஈடுசெய்யும் கடமை மன்னிப்போடு நீங்கிவிடுவதில்லை. அன்றியும், லட்சங்களைக் கொடுத்து நாற்காலியில் அமர்ந்தவன் அந்த லட்சங்களை யாரிடமிருந்து மீட்பான்? முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வரும் மூதாட்டியிடமிருந்து அன்றோ? தவறான வழியில் தொடங்கிய பணி தவறான வழியிலேயே நடக்கும்.

தானியேலும் வேதநாயகரும்

திருவிவிலியத்திலும் அரசுப் பணிக்கான பயிற்சி ஒன்று உண்டு. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர், யூத இளைஞரைத் தேர்ந்தெடுத்து, கல்தேயரின் மொழியையும் இலக்கியத்தையும் மூன்றாண்டுகள் கற்பிக்கச் செய்தான். இறுதியில் மன்னனே அவர்களைச் சோதித்தான். தானியேலும் அவருடைய தோழர் மூவரும் அயல்மொழியை வெறுக்கவில்லை, கருத்தாய்க் கற்றார்கள். ஆனால் தங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாத உணவை ஏற்கவில்லை. காய்கறியும் நீரும் போதும் என்றார்கள். படிப்பில் உழைப்பு, நெறியில் உறுதி என்னும் இரண்டும் அவர்களிடம் ஒருங்கே இருந்தன. பிற்காலத்தில் அவர்மேல் பொறாமை கொண்ட அதிகாரிகள், அவருடைய நிர்வாகத்தில் குற்றம் தேடிப் பார்த்தும் காணமுடியவில்லை என்று அந்நூல் கூறுகிறது. பயிற்சிக் காலத்தில் பழகிய நேர்மைதான் பதவிக் காலத்தில் அவரைக் காத்தது.

நம் தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, தேர்வெழுதித் தேறி, 1857இல் தரங்கம்பாடியில் முனிசீப்பாக அமர்ந்தார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். ஆங்கிலம் அறியாத மக்களுக்குச் சட்டம் விளங்க வேண்டும் என்று நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார். 1859இல் வெளியிட்ட நீதிநூலில், கையூட்டைக் கண்டிக்க ஒரு தனி அதிகாரத்தையே ஒதுக்கினார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பு, 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் கைப்பொருளைக் கொண்டு பசித்தோருக்கு உணவளித்தார். அதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். ஓர் இந்துக் கவிஞர் ஒரு கத்தோலிக்க அதிகாரியைப் போற்றிப் பாடினார் என்றால், அப்பெருமை பதவிக்கு உரியதன்று, பணிக்கு உரியது.

வேதநாயகரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இன்று தேர்வுக்குரிய தமிழ்ப் பாடத்தில் இடம்பெறுகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களுடைய பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் அவர்களை அறிந்தால் போதுமா? கிராம நிர்வாக அலுவலர் ஆகப்போகிறவன் இன்று படிக்கும் நில அமைப்பும், சட்டமும், குறளும், வட்டிக் கணக்கும், நாளை தன் முன் நிற்கும் ஏழைக்காகவே என்று உணர்ந்தால், அவனுடைய பணி அப்பொழுதே தொடங்கிவிட்டது. இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே: படிப்பு ஒரு பக்கம், தொண்டு இன்னொரு பக்கம் அன்று, நேர்மையாகச் செய்யும் ஆயத்தமே தொண்டின் முதல் பகுதி. திருமுழுக்கு யோவானிடம் வந்த வரிதண்டுவோரை அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றே அறிவுறுத்தினார் என லூக்கா நற்செய்தியில் காண்கிறோம்.

வீட்டார் செய்யக்கூடியவை

முதலாவது, சான்றிதழ்கள். நம் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறொன்று, வீட்டுப் பெயர் இன்னொன்று. தலைப்பெழுத்தும் ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் இருக்கும். தேறிய பிறகு சரிபார்ப்பில் இவை இடறலாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியில் பயின்றிருக்க வேண்டும். அதற்கான சான்றைப் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

இடஒதுக்கீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்கென்று 2007இல் 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது; அது நமக்குப் பயன் தராது என்று கண்டு கிறிஸ்தவத் தலைவர்கள் கேட்டுக்கொண்டபடி 2008இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே பொதுவான பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலேயே நம்மவர் பலர் போட்டியிடுகிறார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோரும் தமிழ்நாட்டில் இவ்வரிசையிலேயே வைக்கப்பட்டுள்ளனர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டும், கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே தெருவில், ஒரே துன்பத்தில் வாழும் பிள்ளைகளுள் ஒருவன் திருமுழுக்குப் பெற்றதாலேயே அவனுக்குரிய உரிமை மறுக்கப்படுவது அநீதி. அந்த அநீதி நீங்கும்வரை, அப்பிள்ளையின் படிப்புக்குத் தோள் கொடுக்கும் பொறுப்பு பங்குச் சமூகம் முழுவதற்கும் உண்டு.

இரண்டாவது, இடமும் நேரமும். பயிற்சிக்குப் பெரும்பணம் செலவிட இயலாத குடும்பங்கள் மனந்தளர வேண்டா. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களே குரூப் 4 தேர்வுக்கு அடித்தளம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமின்றி வகுப்புகள் நடைபெறுகின்றன. நந்தனம் அரசுக் கலைக் கல்லூரியிலும் அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் செயல்பட்டு வந்துள்ளது. மத்தியக் குடிமைப் பணித் தேர்வை நாடுவோருக்கு, இராஜா அண்ணாமலைபுரத்தில் பசுமைவழிச் சாலையில் அரசின் பயிற்சி மையம் உள்ளது. அறிவிப்பைப் பார்த்து உரிய நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மகளுக்கும் மகனுக்கும் ஒரே நீதி வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். மகன் படிக்கிறான் என்றால் வீட்டில் தொலைக்காட்சி அடங்குகிறது. மகள் படிக்கிறாள் என்றால், "தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடு" என்று குரல் கேட்கிறது. எழுதப்போகும் வினாத்தாள் இருவருக்கும் ஒன்றே. அவளுக்கும் ஒரு மேசை, ஒரு விளக்கு, இடையூறில்லாத மூன்று மணி நேரம் கொடுங்கள்.

மூன்றாவது, ஆண்டவருடைய நாள். தேர்வுகள் பெரும்பாலும் விடுமுறை நாள்களிலேயே நடக்கின்றன. ஞாயிறன்று காலை 9 மணிக்குள் தேர்வு மையத்தில் இருக்க வேண்டியவர்கள், சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்து ஞாயிறு கடனை நிறைவேற்றலாம்; திருச்சபைச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஆயத்தக் காலம் முழுவதும் திருப்பலியை விட்டுவிட்டு, முடிவு வெளியாகும் வாரத்தில் மட்டும் நேர்ச்சை செய்வது செபம் ஆகாது, பேரம் ஆகும்.

நான்காவது, எல்லை. எத்தனை ஆண்டுகள் படிப்பது என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் தொடக்கத்திலேயே அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆணையம் ஆண்டுதோறும் தேர்வு அட்டவணையை வெளியிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை தேர்வுகள் என்று வரையறுக்கலாம். முதல் முயற்சிக்குப் பிறகு, பகுதி நேரமாயினும் ஒரு வேலை செய்துகொண்டே படிப்பது நல்லது. சம்பாதிக்கும் கைக்குத் தன்மானம் உண்டு. ‘இந்த ஒருமுறை, இந்த ஒருமுறை’ என்று முப்பத்தைந்து வயது வரை எல்லாவற்றையும் ஒத்திப்போட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களிடம் குறை காண்பதற்கு முன், எல்லை வகுக்க யாராவது அவர்களுக்கு உதவினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேறாதவர்களுக்கு

இருநூறு பேரில் ஒருவர் தேறும் தேர்வில், கோயிலில் அறிவிப்புச் செய்து வாழ்த்துவது அந்த ஒருவரை மட்டுமே. தேறியவரை வாழ்த்த வேண்டியதுதான். மற்றவர்களை யார் தேடிச் செல்வது? முடிவு வெளியாகும் நாளில் அன்பியத்தைச் சேர்ந்த இருவர் அவர்களுடைய வீட்டுக்குப் போய், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் ஒரு தேநீர் அருந்திவிட்டு வந்தால், அது பெரிய மறையுரையை விட மேலானது. பிள்ளை நாள்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே அருகில் அமருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பங்குத் தந்தைக்குத் தெரிவியுங்கள்.

பங்கும் சில செய்யலாம். மாலை வேளைகளில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தைப் படிப்பவர்களுக்குத் திறந்துவிடலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் பங்குகளில் பலர். வாரம் ஒருமுறை வந்து வழிகாட்டலாம். புனித வின்சென்ட் தெ பவுல் சபையார் ஏழைத் தேர்வர்களுக்குப் பழைய பாடநூல்களைத் திரட்டிக் கொடுக்கலாம். சமயம் பாராமல் அயல்வீட்டுப் பிள்ளைகளையும் அம்மண்டபத்துக்குள் வரவேற்கலாம்.

தேறாத பிள்ளை எதையும் பெறவில்லை என்று சொல்ல முடியாது. நாட்டின் வரலாற்றையும் அரசியலமைப்பையும், பட்டா என்றால் என்ன, மனு எங்கே கொடுப்பது என்பதையும் அவன் அறிந்திருக்கிறான். தெருவில் உள்ள எழுத்தறியாத முதியவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க அவனால் இயலும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில், பொது நலனுக்காகப் பொறுப்பேற்று உழைப்போரைப் பாராட்டுகிறது. பதவியாணை பெற்றவர்க்கு மட்டும் உரிய பாராட்டு அன்று அது. ஆகவே பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ தேர்வு எழுதச் செல்லும் காலையில் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புங்கள். முடிவு எதுவாயினும், திரும்பி வரும் பிள்ளை உங்கள் பிள்ளையே என்பதை அன்றே வாய் திறந்து சொல்லி அனுப்புங்கள்.